வெறும் பச்சைத் தட்டு

கடலோர ஊர் ஒன்றின் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறைத் தலைவராக இருந்தவர் நூருல் ஆயிஷா. அவரிடம் மேற்படிப்புக்கு வந்து சேர்ந்த தனஞ்செயன் அவரைவிட வயதில் மூத்தவர். பல வருடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த டாக்டர். எத்தனையோ பேருக்கு நோயைத் தீர்த்திருக்கிறார். நோயைக் கொண்டுவந்த கிருமியைக் கண்ணால் கண்டதில்லை. அதைக் காண வேண்டும் என்றுதான் வந்திருந்தார்.

அந்த ஐப்பசியில் வெள்ளம் வந்தது. மீனவர் குப்பத்து ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். சில நாளில் முகாமில் வாந்தியும் பேதியும் தொடங்கின. காலையில் வலை சீர்செய்துகொண்டிருந்த ஒருவர் பொழுது சாய்வதற்குள் இறந்துபோனார்.

பள்ளிக்கூடத்தில் தண்ணீருக்கு இருந்தவை ஒரு மேல்நிலைத் தொட்டியும் ஓர் அடிபம்பும்தான். இரண்டையும் பூட்டினார்கள். லாரித் தண்ணீர் போதவில்லை. எதைத் திறக்கலாம் என்று சொல்லும்படி கேட்டு, நோயாளிகளின் மல மாதிரியும் இரண்டு இடத்துத் தண்ணீரும் கல்லூரிக்கு வந்து சேர்ந்தன.

தனஞ்செயன் மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"எல்லாம் ஒரே மாதிரி குச்சி குச்சியா ஓடுது மேடம். கோடிக்கணக்குல இருக்கு. இதுக்குள்ள காலராவை எப்படித் தேடுறது?"

"தேட வேண்டாம் டாக்டர். அடுப்பைப் பத்த வைங்க," என்றார் ஆயிஷா.

தண்ணீரில் ஒரு பொடியைக் கலந்து கொதிக்கவைக்கச் சொன்னார். கொதித்ததும் அது கரும்பச்சையாகத் தெளிந்தது.

"இதுல என்ன இருக்கு?"

"பித்த உப்பு இருக்கு. குடல்ல வாழப் பழகாததை அது வளர விடாது. சோடா உப்பு மாதிரிக் காரமும் இருக்கு. குடல்ல வழக்கமா இருக்குறதுக்கு அந்தக் காரம் ஆகாது. காலராவுக்கு ஆகும்."

"அப்புறம்?"

"கொஞ்சம் சர்க்கரை."

"சர்க்கரை எதுக்கு மேடம்?"

"திங்கிறதுக்குத்தான். அது தின்னா சுத்தி இருக்குற இடம் புளிக்கும். புளிச்சா இந்தப் பச்சைச் சாயம் மஞ்சளாயிடும்."

கண்ணாடித் தட்டுகளில் ஊற்றினார்கள். ஆறி, கூழாக உறைந்தது. ஆயிஷா கம்பி வளையத்தைத் தீயில் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, மாதிரியைத் தொட்டு ஒவ்வொரு தட்டிலும் கோடு இழுத்தார். கூழ் கிழியவில்லை. தட்டுகளை இன்குபேட்டரின் வெதுவெதுப்பில் வைத்து மூடினார்.

மறுநாள் துறையின் கதவைத் திறக்க ஆள் வருவதற்கு முன்பே தனஞ்செயன் வாசலில் நின்றார்.

நோயாளியின் தட்டை வெளியே எடுத்ததும் அவர் அதை ஜன்னலோரம் கொண்டுபோனார். பாசி படிந்த குளத்தில் பூவரசம்பூ உதிர்ந்து கிடப்பதுபோல், பச்சையின் மேல் வட்ட வட்டமாக மஞ்சள். நேற்றுவரை யார் கண்ணுக்கும் தெரியாமல் ஓர் உயிரை எடுத்தது, இன்று ஜன்னல் வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு அழகா இருக்கே மேடம்," என்றார்.

"நிறம் போதாது. பேரையும் கேட்டுடுவோம்."

ஒரு மஞ்சள் வட்டத்திலிருந்து துளி எடுத்து, காலராவோடு சேர்ந்தால் மட்டும் திரியும்படி செய்த சீரத்தில் கலந்தார் ஆயிஷா. பால் திரிவதுபோல் அது திரிந்தது. காலராதான்.

தொட்டித் தண்ணீரின் தட்டிலும் அதே மஞ்சள். அதுவும் சீரத்தில் திரிந்தது.

அடிபம்பின் தட்டைத் தனஞ்செயன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு புள்ளிகூட இல்லை. வெறும் பச்சை.

அந்த நேரம் செல்போன் அடித்தது. முகாமில் எல்லோருக்காகவும் பேசுகிற செல்லக்கனி.

"டாக்டரய்யா, புள்ளைங்க தண்ணி கேட்டு அழுவுது. அடிபம்பையாவது தொறக்கலாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நல்ல சேதிதாம்மா, இதோ—"

"என்ன சொல்லப் போறீங்க?" என்றார் ஆயிஷா.

"அடிபம்பு சுத்தம்னு."

"கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க."

இன்குபேட்டரின் அடியிலிருந்து இன்னும் இரண்டு கண்ணாடித் தட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுவும் அதே அடிபம்புத் தண்ணிதான். நேத்தே வெச்சேன்."

ஒன்றில் ரோஜா நிறப் பொட்டுகள் நெருங்கிக் கிடந்தன.

"இதுல போட்டது பால் சர்க்கரை. அதைத் தின்னுட்டு இப்படிச் சிவந்திருக்கு. குடல்ல இருக்குற கிருமி. வெள்ளத்துல கக்கூஸ் தண்ணி உள்ள எறங்கியிருக்கு."

மற்றது சாதாரணக் கூழ். எதையும் தடுக்காதது. அதில் ஊசி குத்த இடமில்லை. பொன்னிறத்தில் சில, பால் வெள்ளையில் சில, சுருங்கிய தோல்போல் ஒன்று, ஓரத்திலிருந்து பனிபோல் படர்ந்துவரும் இன்னொன்று. தனஞ்செயன் போனை மறுபடி காதுக்குக் கொண்டுபோனார்.

"டாக்டரய்யா, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா." "அடிபம்பைத் தொறக்காதீங்க. தொட்டியும் வேணாம்."

"அப்ப நாங்க எதைத்தான் குடிக்கிறது?"

"தண்ணி வரும். நானே கூட வர்றேன்."

ஆயிஷா கலெக்டர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். லாரிகள் கூடுதலாக ஓடின. தனஞ்செயன் முதல் லாரியிலேயே ஏறிப் போனார். தொட்டியைக் கழுவி, இரண்டிலும் குளோரின் போட்டு, நோயாளிகளுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, முகாமிலேயே தங்கினார். நோய் அடங்கியது. அதன்பின் அங்கே யாரும் சாகவில்லை. தண்ணீர் வடிந்ததும் ஜனங்கள் குப்பத்துக்குத் திரும்பினார்கள்.

அவர் கல்லூரிக்கு வந்தபோது ஆயிஷா பழைய தட்டுகளை ஆவியில் அவித்துக் கிருமிகளைக் கொல்வதற்காக அடுக்கிக்கொண்டிருந்தார். தனஞ்செயன் அதிலிருந்து அடிபம்பின் பச்சைத் தட்டையும், கூட்டம் மொய்த்த அந்தத் தட்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"மேடம், இந்தப் பச்சை அன்னைக்கு என்னை ஏமாத்தப் பார்த்துச்சா?"

"இல்லையே. காலரா இருக்கான்னு கேட்டோம். இல்லைன்னு உண்மையைத்தான் சொல்லுச்சு."

"ரெண்டும் ஒரே தண்ணி. இங்க இத்தனை இருக்கு. அங்க இதெல்லாம் எங்க போச்சு?"

ஆயிஷா இரண்டு தட்டுகளையும் கையில் வாங்கினார்.

"எங்கயும் போகல டாக்டர். அங்கயும் இருந்துச்சு. காரத்தைப் போட்டு நாமதான் அதுங்களை வாயைத் தொறக்க விடல."