கமலவேணி அம்மாளின் கார்க் கதவு

மேட்டுப்பாளையத்தில், ஊட்டி ரோட்டோரம் இருக்கிறது ரெஜினாவின் ஒர்க்‌ஷாப். பழைய கார்களை மறுபடி ஓடவைப்பதில் அவர் கெட்டிக்காரர். அவரிடம் தொழில் கற்க வந்த தங்கவேலு அவரைவிடப் பத்து வயது மூத்தவர். சீடர் குருவை ‘மாஸ்டர்’ என்பார். குரு சீடரை ‘அண்ணா’ என்பார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கற்றுக்கொள்ள வந்தவருக்கு வயது ஏது?

ஒருநாள் கமலவேணி அம்மாளின் கார் வந்தது. மாமனார் காலத்துக் கார். கதவுகளுக்குக் கீல் பின்பக்கம். ஓடும்போது லாக் விட்டுவிட்டால் காற்றே கதவைப் பிய்த்துத் திறந்துவிடும். மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் அப்படித்தான் திறந்தது. அம்மாள் ரோட்டில் விழுந்தார். உயிர் பிழைத்ததே பெரிது. அதன்பிறகு அவர் அந்தக் காரில் ஏறவில்லை.

“இந்தக் காலத்து லாக்கா மாட்டிக் குடுங்க,” என்றார் அம்மாளின் கணவர்.

ரெஜினா வேலையைத் தங்கவேலுவிடம் விட்டார். அவர் காரை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, கதவுத் தகட்டை வெட்டி, புது லாக்கைப் பொருத்தினார். மூடினால் இரண்டு முறை ‘டக்’ என்றது. முதல் சத்தத்தில் கொக்கி பாதி பிடிக்கும், அடுத்ததில் முழுசாகப் பிடிக்கும். மனுஷருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. காரைக் கீழே இறக்கி, அம்மாளுக்குச் சொல்லி அனுப்பினார்.

அம்மாள் வந்தார். கதவருகே நின்றார்.

“ஏறுங்கம்மா,” என்றார் தங்கவேலு. “இனி யானை இழுத்தாலும் திறக்காதுங்க.”

“பயமா இருக்குதுங்க.”

“நான் மாட்டுனதுங்க. தைரியமா ஏறுங்க.”

அம்மாள் ரெஜினாவைப் பார்த்தார். ரெஜினா தானே காரில் ஏறினார். கதவை மூடி, அதன்மேல் முழு உடம்பையும் சாய்த்து உட்கார்ந்தார்.

“வண்டிய எடுங்கண்ணா. அந்த வளைவுக்கே போலாம்.”

தங்கவேலு வண்டியைக் கிளப்பினார். பிறகு அணைத்தார்.

“இருங்க மாஸ்டர். கொஞ்சம் நேரா உட்காருங்க. ஒருக்கா பார்த்துடறேன்.”

சுற்றி வந்து கதவைத் திறந்து மூடினார். ஒரு ‘டக்’தான் கேட்டது. மறுபடி மூடினார். அப்போதும் ஒன்றுதான். ஜாக்கியில் நின்றபோது நிமிர்ந்திருந்த பாடி, சக்கரத்தில் நின்றதும் தன் பாரத்தில் கொஞ்சம் அமுங்கியிருந்தது. அதில் கதவு நேர் விலகி, கொக்கி பாதிதான் பிடித்தது.

தங்கவேலு கதவை அகலத் திறந்து பிடித்தார்.

“நல்லவேளை மாஸ்டர், பார்க்கணும்னு தோணுச்சு. இல்லீன்னா உங்கள...”

ரெஜினா இறங்கினார். தள்ளி நின்ற அம்மாளை ஒருமுறை பார்த்தார்.

“அவங்கள ஏறச் சொன்னப்ப ஏண்ணா தோணல?”