மயிலாத்தா கேட்கச் சொன்ன கேள்வி

நூற்றிருபது பேர் வேலை செய்கிற பனியன் கம்பெனி அது. தீப்பிடித்தால் தப்பி ஓட இருந்ததே ஒரு பின்கதவுதான். அதையும் முதலாளி சென்னியப்பன் பூட்டியே வைத்திருந்தார். யாரோ அதைப் படம்பிடித்து அதிகாரிக்கு அனுப்பிவிட்டார்கள். சாவி தொலைந்துபோச்சு என்று அதிகாரியிடம் சமாளித்தவர், படம் அனுப்பிய ஆளைப் பிடிக்கப் பொய் கண்டுபிடிக்கும் மெஷினோடு ஒரு நிபுணரைக் கூட்டி வந்தார்.

எல்லோரையும் வரிசையில் நிறுத்தியாயிற்று. முதல் ஆள் பிசிறு நூல் வெட்டும் மயிலாத்தா. நிபுணர் ஒரு தாளை நீட்டினார். ‘யாருடைய கட்டாயமும் இல்லாமல், முழுச் சம்மதத்தோடு உட்காருகிறேன்’ என்று அதில் இருந்தது.

“கையெழுத்துப் போடலைன்னா என்னங்க ஆகும்?”

“நாளைக்கு வேலைக்கு வராதே!” என்று உறுமினார் முதலாளி.

மயிலாத்தா கையெழுத்துப் போட்டாள். விரலில் வயரை மாட்டினார்கள்.

“சார், இந்தக் கையெழுத்தை நான் மனசாரப் போட்டேனான்னு முதல்ல கேளுங்க. ஆமான்னு சொல்றேன். அது பொய்னு இங்க அத்தனை பேருக்கும் தெரியும். மெஷின் பொய்னு காட்டுச்சுன்னா உங்க தாள் செல்லாது. நிஜம்னு காட்டுச்சுன்னா உங்க மெஷினே டுபாக்கூருங்க.”

வரிசை முழுக்கச் சிரித்தது. நிபுணர் வயரைக் கழற்ற ஆரம்பித்தார்.

“கழட்டி முதலாளிக்கு மாட்டுங்க சார். பின்கதவுச் சாவி எங்கேன்னு கேளுங்க.”

மெஷினுக்கு வேலையே வரவில்லை. முதலாளியின் கை தானாகப் போய்ச் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது.