தபாலில் போன வால்

ஆனைக்கல் காட்டில் மிருகங்களுக்கெல்லாம் ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. விசித்திரமான பொருள்களைத் தேடிப் பிடித்து ஒன்றுக்கொன்று தபாலில் அனுப்பிக்கொண்டன. தேக்கிலையில் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் போதும், தபால்கார நாரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பொட்டலம் வந்தவர் அதைவிட விசித்திரமான ஒன்றை வேறொருவருக்கு அனுப்ப வேண்டும். அதுதான் வழக்கம்.

பாறையிடுக்கில் குடியிருந்த பல்லி நெளியப்பனுக்கு இதில் ஒரே அவமானம். குரங்கு, யாரோ தொலைத்த பல்செட்டைக் கரடி கம்பளியம்மாளுக்கு அனுப்பிப் பேர் வாங்கிவிட்டது. அவளும் அதை மாட்டிக்கொண்டு காடு முழுக்கச் சிரித்துத் திரிந்தாள். நெளியப்பன் அவளுக்கு அனுப்பியதோ ஒரு கொசுக்கால். “வெறும் இலைதான் வந்தது” என்று பதில் எழுதிவிட்டாள்.

இந்தத் தடவை விடுவதில்லை என்று நெளியப்பன் தன் வாலையே உதறிப் பொட்டலம் கட்டிக் கம்பளியம்மாளுக்கு அனுப்பினான். பூனை பிடித்தால் வாலைப் போட்டுவிட்டு ஓடுவதுதான் பல்லிகளுக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு. அது அவனுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். இரண்டு மாதத்தில் முளைத்துவிடும், அதற்குள் எந்தப் பூனை வரப்போகிறது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான்.

பொட்டலத்தைப் பிரித்ததும் வால் துள்ளியது. கம்பளியம்மாள் பல்செட் கழன்று விழ அலறினாள். அப்புறம் காடே நெளியப்பன் பேச்சுதான்.

பாராட்டுக் கடிதங்களை வெயிலில் விரித்துப் படித்துக்கொண்டிருந்தபோது காட்டுப்பூனை அவனை அமுக்கிப் பிடித்தாள். பழக்கதோஷத்தில் பின்பக்கத்தை உதறினான். உதற வால் இல்லை.

“அக்கா, என்னைத் தின்னுடாதீங்க” என்று கெஞ்சினான்.

பூனை அவனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அவளுக்கும் ஒரு பொட்டலம் வந்து பத்து நாளாகியிருந்தது. அடுத்து அனுப்ப ஒன்றும் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

“தின்னா நீ ஒரு வாய்க்குக் காணமாட்டே தம்பி. வாலில்லாத பல்லியை அனுப்பினா காடே என்னைப் பத்திப் பேசும்!”

சொன்னபடியே அவனைத் தேக்கிலையில் சுருட்டி மயிலுக்கு அனுப்பினாள். அதைவிட விசித்திரமாக எதுவும் அகப்படாததால் மயில் அவனையே நரிக்கு அனுப்பியது. நரி முள்ளம்பன்றிக்கு அனுப்பியது. இப்போது நாரையின் பைதான் நெளியப்பனுக்கு வீடு.

ஊர் மெச்சவேண்டும் என்று தன்னைக் காப்பதையே கொடுத்துவிடுகிறவன், கடைசியில் ஊருக்கு வேடிக்கைப் பொருளாகிவிடுவான்.