கோட்டைச் சந்தில் மழை

"மிஸ், வேலைக்குப் போனா நான் காணாமப் போயிருவேனா?"

வந்து உட்கார்ந்ததும் திருமாறன் இதைத்தான் கேட்டான்.

ஜெபக்கனி, பாளையங்கோட்டைக் கல்லூரியில் அவனுக்கு கம்ப்யூட்டர் லேப் எடுத்தவர். பிறகு பெங்களூரில் வீடியோ கேம் செய்யும் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார். கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊரில் தன் வீட்டுக்கு வந்திருந்தார்.

அவனோ ஊரிலேயே இருந்து, படம், இசை, கோடிங் எல்லாம் தானே செய்து, தனி ஆளாக ஒரு கேமை முடித்தான். விளையாடியவர்கள் பாராட்டினார்கள். விளையாடியவர்கள்தான் குறைவு.

இப்போது ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. அவர்களுடைய கேமில் கதவுகள் திறந்து மூடுவதை மட்டும் அவன் செய்ய வேண்டுமாம். வீட்டில் கைக்குழந்தை. மனைவி போகச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஜெபக்கனி தன் கம்பெனியின் கேமை டிவியில் போட்டு, கன்ட்ரோலரை அவன் கையில் கொடுத்தார்.

ஏதோ ஒரு குளிர்தேசம். குதிரை, வாள், படை. நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து செய்தது. அவன் குதிரையை விரட்டிக்கொண்டு போனான்.

ஒரு கோட்டைச் சந்தில் மழை பிடித்தது.

குதிரையை நிறுத்தினான்.

கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் சரம்சரமாக ஒரு குழியில் விழுந்தது. குமிழி ஒன்று எழும்பி, கொஞ்சதூரம் மிதந்து, உடைந்தது. எதிரிகள் வந்து வெட்டினார்கள். அவன் வெட்டு வாங்கிக்கொண்டு பார்த்தபடியே இருந்தான்.

"இது நம்ம லேப் வாசல் மழைல்லா, மிஸ்."

அவர் தலையாட்டினார்.

அப்போதெல்லாம் லேபில் கரண்ட் போனால் எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலிருந்து கொட்டும் மழையைப் பார்த்துக்கொண்டு, படிப்பு முடிந்ததும் சேர்ந்து கேம் செய்யலாம் என்று பேசுவார்கள். மிஸ்ஸும் கூட நிற்பார். அவர்களில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்றுகூட இப்போது அவனுக்குத் தெரியாது.

கம்பெனியில் தான் செய்தது இந்த மழை ஒன்றைத்தான் என்றார் ஜெபக்கனி.

"அப்போ என்னைப் போன்னு சொல்லுதீங்களா?"

"அடுத்த மாசம் நான் வேலையை விடுதேன். தனியா ஒரு கேம் பண்ணணும்."

அவன் திகைத்துப்போனான். திரையில் இன்னும் பெய்துகொண்டிருந்தது. அதில் ஒரு துளியைக்கூட அவரால் எடுத்துக்கொண்டு வர முடியாது. எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்.

"இந்த மழையை அவங்ககிட்டயே விட்டுட்டா, மிஸ்?"

"பெய்ஞ்ச மழைதானே, மாறா."