எழுந்திருக்க முடியாத பந்தி

மணற்கோட்டை ராசாவுக்கு ஒரே பிள்ளை. பெயர் கார்மேகம், வயது இருபத்தேழு. கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. நல்ல பழக்கமும் கிடையாது. சாப்பிடுவான், குதிரை ஏறுவான், இறங்கி வந்து மறுபடி சாப்பிடுவான். வேலை என்று யாராவது வாயெடுத்தால், "நல்லதா ஒண்ணு அமையட்டும்னு பாத்துக்கிட்டிருக்கேன்" என்பான். பத்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வம்சத்தில் ஒரு கட்டளை உண்டு. சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு வேளையாவது சாப்பிட்டவனுக்குத்தான் பட்டம். ஒரே ஒரு வேளை. அதற்கும் வழியில்லை.

ராசா தன் மந்திரி சோணாசலத்தைக் கூப்பிட்டார்.

"உமக்கு ஒரு மாசம் அவகாசம். பிள்ளையைச் சம்பாதிக்க வையும்."

திரைக்குப் பின்னாலிருந்து ராணி குரல் கொடுத்தாள். "பட்டினி போடக் கூடாது. ஒரு வார்த்தை கடிஞ்சு பேசக் கூடாது. அரண்மனையை விட்டு வெரட்டக் கூடாது. சொல்லிட்டேன்."

"நடக்கலைன்னா?" என்று கேட்டார் சோணாசலம்.

"நடக்கலைன்னா அவன் உம்ம வீட்டுல இருப்பான், ஆயுசுக்கும்" என்றார் ராசா.

சோணாசலம் மனசுக்குள் கணக்குப் போட்டார். கார்மேகம் காலையில் மட்டும் பதினெட்டு இட்லி சாப்பிடுவான். மந்திரியின் மானியம் ஆறு மாதம்கூடத் தாங்காது.

மூன்று நாள் யோசித்துவிட்டு ராணியிடம் போனார்.

"அம்மா, தம்பி தனியா உக்காந்து சாப்பிடுது. பாக்கவே மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஊரிலே இதே மாதிரி அப்பன் சோத்துல இருக்கிற பிள்ளைங்க நிறைய. அவங்களையும் கூப்பிட்டு மத்தியானம் ஒரு பந்தி போட்டா என்ன?"

ராணிக்குக் கண் கலங்கியது. "எம் பிள்ளைக்குத் துணை வேணும்னு உமக்காவது தோணிச்சே!"

ராசா குதித்தார். "ஊர்த் தண்டச்சோத்துக்கெல்லாம் நான் ஏன்யா போடணும்?"

"ஒரு மாசத்துக்குத்தான் மகாராசா. ஒருத்தனுக்கு ஆயுசு பூரா போடுறதை விட மலிவு."

தண்டோரா போட்டார்கள். மறுநாள் நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள், தலைக்கு எண்ணெய் தடவி, நன்றாகத் தூங்கின முகத்தோடு. பந்தியில் அனுபவத்துக்கு மரியாதை என்று சொல்லிவிட்டார் சோணாசலம். இந்தத் தொழிலில் மூத்தவருக்கு முதல் இலை. அவர் பக்கத்தில், ராசா மகன் என்பதால், கார்மேகத்துக்கு இரண்டாவது இலை.

முதல் இலைக்காரர் பெயர் சின்னக்குட்டி. வயது அறுபத்து மூன்று. வாயில் பல் ஒன்றுகூட இல்லை.

பந்தி வழக்கம்தான் தெரியுமே. கடைசி ஆள் கை எடுக்கும்வரை யாரும் எழக் கூடாது. எழுந்தால் பக்கத்து இலைக்காரருக்கு அவமரியாதை. சின்னக்குட்டி சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். சாம்பாரை முடிக்க ஒரு நாழிகை ஆனது. ரசம் இன்னும் வரவில்லை. கார்மேகத்தின் கை காய்ந்து விறைத்துவிட்டது.

"தம்பிக்கு எத்தனை வயசு?"

"இருபத்தேழு."

"அட, நம்ம வரிசையில நீதான் கடைக்குட்டி! வெக்கப்படாம சாப்பிடு."

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"இன்னும் ஒண்ணும் இல்லப்பா. நல்லதா ஒண்ணு அமையட்டும்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

கார்மேகம் சட்டென்று நிமிர்ந்தான். "எவ்வளவு நாளா?"

"இந்த ஆடியோட நாப்பது வருசம். அவசரப்பட்டா நல்லா அமையாது பாரு."

ஒருவழியாக மோர் முடிந்து எழுந்தார்கள். வாசலில் ஒரு மாட்டு வண்டி நின்றது. இறங்கியவருக்கு எண்பத்தைந்து வயது இருக்கும், முதுகு வளைந்திருந்தது. செக்கில் எண்ணெய் ஆட்டுகிறவர், வேட்டியெல்லாம் பிண்ணாக்கு. சின்னக்குட்டியின் அப்பா.

"குட்டி, வயிறு நெறைய சாப்பிட்டியாடா? வெயில் ஏறுது, வா" என்று சொல்லி, வெற்றிலை வாங்க மகன் கையில் இரண்டு காசை வைத்தார்.

அதே நேரம் ராசா உள்ளேயிருந்து வந்தார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. மகன் தோளில் கை போட்டார். "கார்மேகம், வயிறு நெறைய சாப்பிட்டியாப்பா? வெயில் ஏறுது, உள்ளே வா."

கார்மேகம் அப்பாவின் நரைத்த மீசையைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான்.

இரண்டாம் நாளும் அதே இலை, அதே பிசைதல். மூன்றாம் நாள் விடியற்காலையில் மந்திரி வீட்டுக் கதவைத் தட்டினான்.

"மாமா, எனக்குக் குதிரையைத் தவிர ஒண்ணும் தெரியாது. அதுக்கு எவனாவது கூலி குடுப்பானா?"

"எனக்கென்ன தெரியும் தம்பி? உங்களை விரட்டக் கூடாதுன்னு உத்தரவு. சந்தையிலே ஒரு வியாபாரி முரட்டுக் குதிரையைப் பழக்க ஆள் தேடுறான்னு யாரோ பேசிக்கிட்டாங்க. நான் சொல்லலை."

அவர் முடிப்பதற்குள் கார்மேகம் தெருக்கோடியில் இருந்தான்.

முப்பதாம் நாள் நொண்டிக்கொண்டே சபைக்கு வந்தான். முழங்காலில் கட்டு. ஒரு குதிரை உதைத்ததாம். அம்மா கையில் இரண்டு பணம் வைத்தான். "மத்தியானம் சந்தைக் கடையிலே என் காசுல கம்பங்கூழ் குடிச்சேன். இது ராத்திரிச் சாப்பாட்டுக்கு. பத்தலைன்னா சொல்லுங்க."

ராணி அழுதாள். காசைத் திருப்பிக் கொடுக்கவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ராசா தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஓய் சோணாசலம்! பட்டினி போடலை, கடிஞ்சு பேசலை, வெரட்டவும் இல்லை. எப்படியோ சாதிச்சுட்டீர்! என்ன வேணும், கேளும். அஞ்சு ஊர் தரவா?"

"ஊர் வேண்டாம் மகாராசா. அந்தப் பந்தியை மட்டும் நிறுத்திடாதீங்க."

"ஏன்? இன்னும் எத்தனை பேர் இருக்காங்க?"

"தம்பியோட சேத்து நாப்பத்திரண்டு பேர் வேலைக்கு ஓடிட்டாங்க. ரெண்டே பேர்தான் பாக்கி. ஒருத்தர் சின்னக்குட்டி."

"இன்னொருத்தன்?"

சோணாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என் மூத்த மகன், மகாராசா. சின்னக்குட்டியோட ரொம்ப சிநேகமாயிட்டான்."