கல் யாளியிடம் மறுபடி கேட்ட வஞ்சி

மேகங்கள் ஏரியில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுப் போன ஒரு காலத்திலே, துடிபுரி என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே எல்லாருக்கும் எதிலும் அவசரம். சோறு வேகும் முன்னே இலையைப் போட்டுவிடுவார்கள். ராஜா துரிதவர்மன் முடிசூட்டின அன்றைக்கே கிரீடத்தை முன்பின் பார்க்காமல் மாற்றி வைத்துக்கொண்டவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

அந்த ஊரில் வஞ்சி என்றொரு பெண். வயது வந்தவள், வாய் நிறையச் சிரிப்பவள். பிறந்ததிலிருந்தே எதுவும் அவளுக்கு மெதுவாகத்தான் புரியும். நீட்டி முழக்கிப் பேசினால் பாதியிலேயே குழம்பிவிடுவாள். அப்பா அம்மா விட்டுப்போன ஓட்டுவீட்டில் வாத்துகளோடு சந்தோஷமாக இருந்தாள். பக்கத்து வீட்டுத் தாயம்மா அவ்வப்போது வந்து ஒத்தாசை செய்வாள்.

ஒருநாள் சித்தப்பா பொன்னையா வந்து நின்றார்.

"வஞ்சி, உன்னால தனியா இருக்க முடியாது. என் வீட்டுக் கொல்லையில கொட்டகை இருக்கு, அங்க வந்துடு. இந்த வீட்ட நான் பாத்துக்கறேன். இந்த வீட்டு வழக்கு நாளைக்கு ராஜா முன்னால வருது, உனக்காக நானே பேசிடறேன்."

"எனக்குத்தான் வாய் இருக்கே சித்தப்பா?"

"இருந்து என்ன பண்ண? யாளியத் தாண்டணுமே!"

யாளியா? சொல்கிறேன். அரண்மனை வாசலில் ஒரு கல் யாளி உட்கார்ந்திருந்தது. யார் வந்தாலும் கடகடவென்று ஏதோ சொல்லும். "புரிந்தது" என்றவர் உள்ளே போய்த் தன் வழக்கைத் தானே பேசலாம். "புரியவில்லை" என்றால் காவலர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவருக்காக உறவுக்காரர் பேசுவார். உறவுக்காரர் சொன்னதே தீர்ப்பு. என்ன வழக்கமோ! எனக்கு இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

மறுநாள் தாயம்மா வஞ்சியோடு வாசல்வரை வந்தாள்.

"புரிஞ்சுதுன்னு சொல்லிடுடி. நானும் அப்படித்தான் சொன்னேன்."

"புரியாம எப்படிக்கா சொல்றது?"

யாளி வாயைத் திறந்தது. "புகுமுன்பாதரட்சைநீக்கிப் புகுந்தபின்இடப்புறப்பந்தரில் தக்ரம்பருகித் தாகந்தணித்தேகுக!"

"புரியல," என்றாள் வஞ்சி. "மெதுவாச் சொல்லு."

"புரியலையாம்! வெளியே போ!" என்று காவலர்கள் ஓடிவந்தார்கள். ஆனால் யாளியின் காது அசைந்தது. கல் அசைந்தால் எந்தக் காவலன் நிற்பான்? ஓடிவந்தவர்கள் வந்த வேகத்தில் பின்னால் போனார்கள்.

யாளி ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னது.

"இன்னும் புரியல. சின்ன வார்த்தையில சொல்லு."

யாளியின் மீசை துடித்தது. "செருப்பைக் கழற்று. அந்தப் பக்கம் போ. மோர் குடி."

"எந்தப் பக்கம்? எனக்குப் புரியல. காட்டு."

யாளி கல் காலைத் தூக்கி அவள் செருப்பைக் காட்டியது. இடது பக்கப் பந்தலைக் காட்டியது. தலையை அண்ணாந்து மடக் மடக் என்று குடித்துக் காட்டியது.

"ஓ! செருப்பக் கழட்டிட்டு, அங்க போய் மோர் குடிக்கணும்!"

படார்! கல் வெடித்தது. உள்ளிருந்து தொந்தியும் மீசையுமாக ஒரு மனிதர் வந்து விழுந்தார்.

"நான் முரசறையும் கலியன், தாயி! புரியலன்னு சொன்னவங்களை எல்லாம் கேலி பண்ணினேன். ஒரு மந்திரக்காரி கல்லாக்கிட்டா. யாராவது மூணு தடவ மறுபடி கேட்டாத்தான் விடுதலைன்னா. ஒருத்தர்கூட ஒரு தடவையாவது கேக்கலியே!"

பந்தலில் குறையாத பானை நிறைய இஞ்சி தட்டிப் போட்ட மோர். இத்தனை காலம் தொட ஆளில்லை! காவலர்கள் குடித்தார்கள், மந்திரிகள் குடித்தார்கள். ராஜாவும் குடித்துவிட்டு அசடு வழிந்தார். "எனக்கும் ஒருநாளும் புரிந்ததில்லை. கேட்க வெட்கமாக இருந்தது."

பிறகு சபை கூடியது. சித்தப்பா முந்திக்கொண்டார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க மகாராஜா..."

"கேள்வி வஞ்சிக்கு," என்றார் கலியன்.

ராஜா நிதானமாகக் கேட்டார். "வஞ்சி, நீ எங்கே இருக்க ஆசைப்படுகிறாய்?"

வஞ்சி யோசித்தாள். துடிபுரி முதன்முதலாகக் காத்திருந்தது. ஒரு மந்திரி நெளிந்தார், அவ்வளவுதான்.

"என் வீட்டுல," என்றாள். "அடுப்பு பத்தவைக்கத் தாயம்மாக்கா வரணும். சந்தைக்குக் கூட வர ஒரு ஆள் வேணும். ஆனா வீடு எனக்கு. வாத்தும் எனக்கு."

"அப்படியே ஆகட்டும்! சந்தைக்கு வர ஆளை நீயே பார்த்துச் சொல். இனி இந்த ராஜ்யத்தில் எதையும் மெதுவாக, எளிதாக, காட்டிச் சொல்ல வேண்டும். யார் வாழ்க்கையோ அவரையே கேட்க வேண்டும்!"

சித்தப்பா தலையைச் சொறிந்தார். "நல்லது செய்றதாத்தான் நெனச்சேன்மா. உன்னக் கேக்கத் தோணல."

"இனிமே கேளுங்க."

மறுவாரம் பொன்னையா அந்த ஓட்டுவீட்டுக்கு வந்தார். எப்போதும் தடதடவென்று நுழைகிறவர், அன்றைக்கு வாசலிலேயே நின்றார்.

"உள்ள வரலாமா வஞ்சி?"

வஞ்சி யோசித்தாள். நன்றாகவே யோசித்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது, வாத்துகள் காலைக் கொத்தின, மனிதர் அசையவில்லை.

"வாங்க சித்தப்பா," என்றாள் வஞ்சி.

அவள் கதவு அவள் சொல்லித் திறந்தது. கதை கேட்ட உங்கள் வீட்டுக் கதவும் அப்படியே திறக்கட்டும்.