வெயிலில் காய்ந்த பற்றரி

இலங்கையின் வன்னியில் மிதிவெடி அகற்றும் அணி ஒன்றுக்குத் தலைவி குணாளினி. அவளிடம் வேலை பழக வந்தவர் அருளம்பலம், அவளைவிடப் பல வயது மூத்தவர். முதல் நாள் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டார்.

"வீட்டை வந்தால் தங்கச்சி. இஞ்ச லீடர்," என்றாள்.

"சரி லீடர்."

"நான் உங்களை அண்ணை எண்டுதான் கூப்பிடுவன். அதில மாற்றமில்லை."

அருளம்பலத்துக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. முன்பு சைக்கிள் கடை வைத்திருந்தவர், கைவேலை சுத்தமான ஆள். உலோகம் கண்டுபிடிக்கும் மெசினைத் தரையில் படாமல் சீராக ஆட்டிக்கொண்டு போவது அவருக்குச் சீக்கிரமே கைவந்துவிட்டது. ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை.

"மெசின் கத்தினா நிலத்துக்குள்ள ஏதோ கிடக்கு. அது விளங்குது. கத்தாட்டி எப்பிடி லீடர் நம்பிறது?"

குணாளினி சட்டைப் பையிலிருந்து சோதனைத் துண்டை எடுத்துத் தரையில் வைத்தாள். சிறிய பிளாஸ்டிக் வில்லை, உள்ளே ஓர் உலோகப் பொட்டு. மெசினை அதன்மேல் கொண்டுபோனாள். கத்தியது. துண்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் மறுபடி கொண்டுபோனாள். கத்தவில்லை.

"இப்ப நம்புங்கோ."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"மெசினைக் கீழ வைக்கிற வரைக்கும்."

"வைச்சிட்டுத் திரும்ப எடுத்தா?"

"திரும்பக் கேளுங்கோ," என்று துண்டை அவர் கையில் கொடுத்தாள்.

அப்போது அவர்கள் வேலை செய்த இடம் ஒரு குடும்பத்தின் காணி. வாசல் படலையிலிருந்து கிணற்றுக்குப் போகும் பாதையை முதலில் திறந்துவிட வேண்டும். சோதித்து முடித்த இடத்தில் வெள்ளைத் தடி நடுவார்கள். வெள்ளைத் தடி வரைக்கும் ஆள் நடக்கலாம் என்பது அர்த்தம்.

காணிக்காரி காலையில் தன் இரண்டு பிள்ளைகளோடு வந்து எல்லை நாடாவுக்கு அப்பால் நிற்பாள். அவளுக்குக் கேட்பதற்கு ஒன்றுதான் இருந்தது.

"எப்ப கிணத்தடிக்குப் போகலாம்?"

ஒருநாள் அருளம்பலம் முந்திக்கொண்டு, "நாளைக்கு," என்றார். அதைச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. பிள்ளைகளைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது. குணாளினி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்றைக்கே மெசின் பற்றரி இறங்கிவிட்டது என்று கீச்சிடத் தொடங்கியது. புதுப் பற்றரிகள் அவர் பைக்குள்தான் இருந்தன, உறை பிரிக்காமல். அவர் அவற்றைத் தொடவில்லை.

யுத்தத்தில் வடக்குக்குப் பற்றரி வரத் தடை இருந்த காலத்தில் இளந்தாரியாக இருந்தவர் அவர். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து, ரேடியோவில் செய்தி முடியும்வரை அதை உயிரோடு வைத்திருப்பது அப்போது பெரிய வித்தை. அப்படி வளர்ந்த ஆளிடம் புதுப் பற்றரியைக் கொடுத்துப் பாருங்கள். பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுப் பழையதைத்தான் தேடுவார்.

தேநீர் இடைவேளையில் பற்றரிகளைக் கழற்றி ஒரு கல்லின்மேல் வெயிலில் வைத்தார். மெசினுக்குள் பற்றரி முட்டும் இடங்களைச் சட்டை நுனியால் துடைத்தார். தேநீரைக் குடித்துவிட்டு எல்லாவற்றையும் திரும்பப் போட்டார். கீச்சிடல் நின்றுவிட்டது. சோதனைத் துண்டின்மேல் பிடித்தார், நன்றாகக் கத்தியது. அவருக்குப் பரம சந்தோஷம்.

அதன்பிறகு ஒரே ஓட்டம். புல் வெட்ட மெசினைக் கீழே வைத்தார். எடுத்தார், ஆட்டினார், வெள்ளைத் தடி நட்டார். மறுபடி கீழே வைத்தார். நிலம் சத்தமில்லாமல் இருந்தது, கிணற்றுக் கட்டு கிட்ட வந்துகொண்டிருந்தது. சோதனைத் துண்டு அவர் சட்டைப் பைக்குள்ளேயே கிடந்தது.

மதியம் குணாளினி பாதையின் தொடக்கத்தில் நின்று சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் தான் நட்ட தடிகளின் ஓரமாக நடந்து வந்தார். அவள் தன்னிடமிருந்த இன்னொரு சோதனைத் துண்டைத் தரையில் வைத்தாள்.

"இதில பிடியுங்கோ."

பிடித்தார். மெசின் கத்தவில்லை. இன்னொரு முறை பிடித்தார். கீச்சிடக்கூட அதில் உயிர் இல்லை.

"தேத்தண்ணி குடிச்ச கையோட பாத்தனான் லீடர். வடிவாக் கத்தினது."

"எந்தப் பற்றரி?"

அவர் நடந்ததைச் சொன்னார். மறைக்கவில்லை, அதைப் பாராட்டத்தான் வேண்டும். வெயிலில் வைத்ததைச் சொன்னபோது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"எந்தத் தடியில மெசின் செத்தது?"

அருளம்பலம் திரும்பிப் பார்த்தார். தடிகள் எல்லாம் ஒரே மாதிரி வெள்ளையாக நின்றன.

"தெரியேல்லை."

குணாளினி பாதையின் தொடக்கத்தில், ஆள் போகக்கூடாது என்பதற்கு, ஒரு சிவப்புத் தடியை நட்டாள்.

"நாளைக்குக் கிணத்தடி எண்டு சொல்லிப்போட்டன் லீடர்."

"சொன்ன ஆளே போய் இல்லையெண்டு சொல்லுங்கோ."

அவர் போய்ச் சொன்னார். காணிக்காரி கோபப்படவில்லை. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப அந்த வெள்ளைத் தடியள்?" என்று மட்டும் கேட்டாள்.

புதுப் பற்றரிகளின் உறையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு முதல் தடியிலிருந்து மறுபடி தொடங்கினார். கீழே வைத்து எடுக்கும்போதெல்லாம் துண்டில் பிடித்துக் கேட்டார். பாதி தூரத்தில் மெசின் கத்தியது.

மெசின் கத்திய இடத்தில் மண் அழுந்தியிருந்தது. காலையில் அவர் முழங்கால் ஊன்றிய அடையாளம். அருளம்பலம் நின்ற இடத்திலேயே நின்று லீடரைக் கூப்பிட்டார்.

குணாளினி அவரைப் பின்னுக்கு அனுப்பிவிட்டு முகக் கவசத்தை இறக்கிக்கொண்டு தானே குனிந்தாள். பக்கவாட்டிலிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினாள். அவர் தூரத்தில் நின்று அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து அவள் எழுந்து வந்து கையை விரித்தாள்.

துருப்பிடித்துப் பிளந்துபோன பழைய டோர்ச் பற்றரி ஒன்று.

அருளம்பலம் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"பற்றரி! வெறும் பற்றரி! நான் செத்தே போனன் எண்டு நினைச்சன் லீடர். வெடியே இல்லை!"

குணாளினி சிரிக்கவில்லை.

"காலமை இதுக்கு மேல முழங்கால் குத்தினனீங்கள். அப்ப மெசின் என்ன சொன்னது?"

"ஒண்டும் சொல்லேல்லை."

அவள் அந்தப் பற்றரியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அப்ப காலமை இது வெடிதான் அண்ணை."